22 ஆண்டு பாடியும் நார்மா ஜிம்மருக்கு ஏன் ஒரு ஹிட் பாட்டு இல்லை?

கேள்வி இதுதான்: அமெரிக்கத் தொலைக்காட்சியின் இசை நிகழ்ச்சியான ‘லாரன்ஸ் வெல்க் ஷோ’வின் பழைய பதிவுகளில் நீண்ட கவுன் அணிந்து, சிரித்த முகத்தோடு ஒரு சோப்ரானோ, அதாவது மேல் ஸ்தாயியில் பாடும் பெண், பாடுகிறாரே, நார்மா ஜிம்மர், அவர் யார்? 22 ஆண்டு வாராவாரம் நாடு முழுக்கத் தெரிந்தவருக்கு ஏன் சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஹிட் பாட்டுகூட இல்லை?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நார்மா ஜிம்மர் தொழில் கற்றுக்கொண்டதே தன் குரல் தனியாகக் கேட்டுவிடாமல் பாடும் இடத்தில்தான். அந்தப் பயிற்சிதான் அவரை 22 ஆண்டு அந்த மேடையில் நிறுத்தியது. தனிப்பாடகியாக ரெக்கார்டு விற்கும் பாதைக்கு அவர் போகாததற்கும் அதுவே காரணம். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான் பல வருடமாக சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில், ஆல்ட்டோ என்ற கீழ் ஸ்தாயிப் பெண் குரலில் பாடுகிறவள். அவர் செய்தது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நார்மா 1923 ஜூலை 13இல் ஐடஹோ மாநிலத்தில் லார்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறந்த பெயர் நார்மா லார்சன். ஊர் பெயரும் குடும்பப் பெயரும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும், ஆங்கில எழுத்தில்தான் வேறு. வளர்ந்தது வாஷிங்டன் மாநிலத்து சியாட்டிலில். அப்பா வயலின் கலைஞர். வீட்டில் இசை இருந்தது, பணம் இல்லை. அதைவிட மோசமாக, குடி இருந்தது. 1976இல் வந்த தன் சுயசரிதையில் அந்த வீட்டின் வறுமையையும் குடியால் வந்த துயரத்தையும் மறைக்காமல் எழுதினார். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அப்படியொரு பிள்ளைப்பருவம் இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அவருக்குக் கிடைத்த முதல் ஒதுங்கிடம் சர்ச் கொயர். 18 வயதில் தொழில்முறையாகப் பாடுவதற்காக லாஸ் ஏஞ்சலிஸ் போனார். 1944இல் ராண்டி ஜிம்மரை மணந்தார். இரண்டு மகன்கள். 2008இல் ராண்டி இறக்கும்வரை அந்த மணவாழ்க்கை 64 ஆண்டு நீடித்தது.

1940களின் லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் வானொலியும் சினிமாவும் ரெக்கார்டு கம்பெனிகளும் ஒரே ஊரில் குவிந்திருந்த காலம். மூன்றுக்கும் பின்னணிக் குரல்கள் தேவைப்பட்டன. நார்மா பல குரல் குழுக்களில் பாடினார். நார்மன் லுபாஃப் கொயர் அவற்றில் ஒன்று. பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின் போன்றவர்கள் முன்னால் நின்று பாட, பின்னால் ‘ஊ’ என்றும் ‘ஆ’ என்றும் மெத்தை விரித்துக் கொடுத்த குரல்களில் இவர் குரலும் உண்டு. ரெக்கார்டின் உறையில் பெயர் வராது. நம் திரையிசையில் ‘கோரஸ்’ பாடிக் கடந்துபோனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதே நிலைதான்.

இந்த வேலையைச் சிலர் லேசாக நினைக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து பாடுவதில் என்ன சிரமம் என்பார்கள். சிரமம் அந்த நாலு பேர் ஒருவராகக் கேட்பதில் இருக்கிறது. ஸ்டூடியோவுக்குள் நுழையும்போதுதான் தாள் கையில் தருவார்கள். ஸ்டாஃப் நோட்டேஷனை, அதாவது மேற்கத்திய இசைக் குறிப்பை, பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும், ஒத்திகைக்கு நேரம் கிடையாது. ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு காத்திருக்கும்போது ஒரு சோப்ரானோ தவறு செய்தால் எல்லோரும் திரும்பப் பாட வேண்டும். சுருதி சரியாக இருந்தால் மட்டும் போதாது. எல்லோரும் ‘ஆ’ என்று வாயைத் திறக்கும்போது அந்த ‘ஆ’வின் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். விப்ராட்டோ, அதாவது குரலின் இயல்பான அசைவு, ஒருவருக்கு வேகமாகவும் இன்னொருவருக்கு மெதுவாகவும் இருந்தால் சேர்ந்து கேட்கும்போது கலங்கிய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எல்லோரும் ஒரே கணத்தில் முடிக்க வேண்டும். ஒருவர் ‘ஸ்’ஸை அரை நொடி முன்னால் விட்டுவிட்டால் பாம்பு சீறுவது போலக் கேட்கும். எங்கள் கொயர் மாஸ்டர் இந்த ‘ஸ்’ஸுக்காகவே ஒரு முழு மாலையைச் செலவழித்திருக்கிறார்.

இதில் சோப்ரானோவுக்குக் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. மேல் வரிசை அவருடையது, காது முதலில் போய் நிற்பதும் அங்கேதான். எல்லோருக்கும் கேட்கும் இடத்தில் நின்றுகொண்டு தனியாகத் தெரியாமல் பாட வேண்டும். வலிமையான குரல் இருப்பவர்களுக்கு இது பெரிய தண்டனை. நார்மாவின் குரல் அதற்கென்றே அமைந்தது போல இருந்தது. கூர்மை இல்லாத மேல் ஸ்தாயி, சீரான மூச்சு, உரசலே இல்லாத தொடக்கம். பெயர் தெரியாத அந்த ஆண்டுகளிலேயே அவர் குரல் உலகம் முழுக்கப் போனது. 1951இல் டிஸ்னி எடுத்த ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கார்ட்டூன் படத்தில் பூந்தோட்டத்தில் பூக்கள் பாடும் காட்சி வருமே, அதில் வெள்ளை ரோஜா இவர்தான். அங்கேயும் முகம் தெரியவில்லை.

இனி லாரன்ஸ் வெல்க். அவர் யார் என்று தெரியாமல் நார்மாவின் கதை புரியாது. 1903இல் வடக்கு டகோட்டாவின் ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்துப் பண்ணை வீட்டில் பிறந்தவர். ஒடெஸ்ஸா பகுதியிலிருந்து குடியேறிய ஜெர்மன் பேசும் குடும்பம். பள்ளிப்படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அப்பா 400 டாலருக்கு ஒரு அக்கார்டியன் வாங்கித் தந்தார். அதற்கு ஈடாக மகன் 21 வயதுவரை பண்ணையிலேயே உழைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வெல்க் வாக்கு தவறவில்லை. 21 முடிந்த அன்று அக்கார்டியனோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார். ஆங்கிலம் அதற்குப் பிறகுதான் சரியாகப் பழகினார். ஜெர்மன் வாடை வீசும் அந்த உச்சரிப்பு கடைசிவரை போகவில்லை, ரசிகர்கள் அதையே விரும்பினார்கள்.

வெல்க்கின் ஆர்க்கெஸ்ட்ரா நடனக் கூடங்களில் வாசித்து வளர்ந்தது. 1938இல் பிட்ஸ்பர்க்கின் வில்லியம் பென் ஹோட்டலில் வாசித்தபோது, இந்த இசை ஷாம்பெயின் என்ற மதுவின் நுரை மாதிரி லேசாகத் துள்ளுகிறது என்று கேட்டவர்கள் சொல்ல, ‘ஷாம்பெயின் மியூசிக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குழுவின் பாடகிக்கு ‘ஷாம்பெயின் லேடி’ என்ற பட்டமும் அந்தக் காலத்தில் வந்ததுதான். முதலில் அதைத் தாங்கியவர் லாயிஸ் பெஸ்ட். பிறகு ஜேன் வால்டன் முதலிய பலர். 1951இல் லாஸ் ஏஞ்சலிஸின் கேடிஎல்ஏ நிலையத்தில் வெல்க் தொலைக்காட்சிக்கு வந்தார். 1955 ஜூலை 2இல் ஏபிசி வலையமைப்பு வழியாக நாடு முழுக்கத் தெரிந்தார். டாட்ஜ் கார் கம்பெனி ஸ்பான்சர். சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம், முழுக்கப் பாட்டும் நடனமும். நகைச்சுவைத் துணுக்குகளுக்கு இடமில்லை. சிகரெட், பீர் விளம்பரங்களை அவர் ஏற்கவில்லை.

அப்போது ஷாம்பெயின் லேடியாக இருந்தவர் டெக்ஸாஸைச் சேர்ந்த ஆலிஸ் லான். வண்ண வண்ண உள்பாவாடைகளுக்கும் துறுதுறுப்புக்கும் பேர்போனவர். 1959இல் வெல்க் அவரை வேலையிலிருந்து நீக்கினார். கேமரா முன்னால் உட்கார்ந்தபோது முழங்கால் தெரிந்தது என்பது வெளியே பரவிய காரணம். சம்பளத்தைப் பற்றியும் எந்தப் பாட்டைப் பாடுவது என்பது பற்றியும் இருவருக்கும் மனக்கசப்பு இருந்ததும் உண்மை. எதுவாக இருந்தாலும் நேயர்கள் கொதித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடிதம் வந்தது. வெல்க் மனம் மாறித் திரும்ப அழைத்துப் பார்த்தார், ஆலிஸ் வரவில்லை. இந்த விஷயத்தில் என் அனுதாபம் ஆலிஸ் பக்கம்தான். ஒரு பெண்ணின் வேலை முழங்கால் அளவில் போய்விடக் கூடாது.

அந்தக் காலி இடத்துக்கு யார் வருவது? சில காலம் பல பாடகிகளை மாற்றி மாற்றிப் பாட வைத்தார்கள். 1960இல் நார்மா வந்தார். அப்போது அவருக்கு 37ஐ நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகளின் தாய். தொலைக்காட்சிக்குப் புதுமுகம் தேடுகிறவர்கள் அந்த வயதில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது அரிது. ஆனால் வெல்க்குக்குத் தேவைப்பட்டது ஸ்டூடியோவில் பதினைந்து வருடத்துக்கு மேல் பழகிய ஒரு கை. தாளைக் கொடுத்தால் பாடுவார், சொன்ன இடத்தில் நிற்பார், பக்கத்தில் நிற்பவரின் குரலோடு குரலைச் சேர்ப்பார், நேரத்துக்கு வருவார்.

ஒரு வாராந்தர இசை நிகழ்ச்சியில் பாடுவது எப்படிப்பட்ட வேலை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கச்சேரிப் பாடகிக்குத் தான் பாடித் தேய்ந்த உருப்படிகள் இருக்கும். ரெக்கார்டுப் பாடகி ஒரு ஹிட் பாட்டை வைத்துப் பத்து வருடம் ஊர் சுற்றலாம். வாராந்தர நிகழ்ச்சியில் இந்த வாரம் பாடியது இந்த வாரத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் வேறு பாட்டு, வேறு உடை, வேறு காட்சி. ஒரு வாரம் வசந்த காலம் என்று தலைப்பு, மறு வாரம் பிராட்வே, அதற்கடுத்து பழைய வால்ட்ஸ் பாட்டுகள். நார்மா ஒரு தனிப்பாட்டு பாடுவார், டெனர் (மேல் ஸ்தாயி ஆண் குரல்) ஜிம்மி ராபர்ட்ஸோடு ஒரு டூயட் பாடுவார், கடைசியில் எல்லோரும் நிற்கும் பாட்டில் சேர்ந்துகொள்வார், வெல்க்கோடு வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடுவார். பாடும்போது கேமராவில் எந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதை ஓரக்கண்ணால் கவனிக்க வேண்டும். பல்லவி முடியும் இடத்தில் மூன்றடி நடந்து குறித்த புள்ளியில் நிற்க வேண்டும். மேடையில் இருந்த குமிழி இயந்திரம் விடும் சோப்புக் குமிழிகள் முகத்தில் வந்து மோதினாலும் சிரிப்பு கலையக் கூடாது. இதையெல்லாம் செய்துகொண்டே சுருதி பிசகாமல் பாட வேண்டும். ஒளிபரப்பு இல்லாத நாட்களில் குழுவோடு சுற்றுப்பயணக் கச்சேரிகள் வேறு.

ஜிம்மி ராபர்ட்ஸோடு அவர் பாடிய டூயட்டுகள்தான் என்னைப் பொறுத்தவரை அந்த நிகழ்ச்சியின் உச்சம். ஜிம்மியின் குரல் மென்மையானது, பெரிய குரல் அல்ல. ஓங்கிப் பாடும் ஒரு சோப்ரானோ பக்கத்தில் நின்றால் அவர் காணாமல் போயிருப்பார். நார்மா அவர் அளவுக்குத் தன்னைக் குறைத்துக்கொள்வார். ஜிம்மி மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் வாங்குவார். அவர் ஒரு சொல்லை லேசாக இழுத்தால் இவரும் அதே அளவு இழுப்பார். மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது சோப்ரானோக்கள் பொதுவாகக் குரலைப் பெருக்குவார்கள், அதுதான் கைதட்டல் வாங்கும் இடம். நார்மா அங்கே குரலை இன்னும் மெல்லியதாக்குவார். கொயரில் நின்று பழகாத ஒருவருக்கு இது தோன்றவே தோன்றாது.

சம்பளம்? வெல்க் தன் கலைஞர்களுக்கு ‘ஸ்கேல்’ கொடுத்தார். கலைஞர்களின் தொழிற்சங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குத்தான் அந்தப் பெயர். நாடே முகம் அறிந்தவர்களுக்கும் அதே கணக்குதான். இலாபப் பங்குத் திட்டம் ஒன்றை வைத்திருந்தார், வேலை நிரந்தரம் போல நீடித்தது என்பதெல்லாம் சரி. ஆனாலும் அவர்களால் வந்த வருமானத்தோடு ஒப்பிட்டால் அது குறைவுதான் என்று நினைக்கிறேன்.

ஹிட் பாட்டுக் கேள்விக்கு இப்போது வருவோம். வெல்க்கின் மேடையிலிருந்து ஹிட் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. 1961இல் ‘கல்கத்தா’ என்ற பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ஆனால் அது வாத்திய இசை, ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரில் வந்தது. அந்த நிகழ்ச்சியில் நட்சத்திரம் என்று சொன்னால் அந்த ஒட்டுமொத்த ஒலிதான். யாருடைய தனித்த முத்திரையும் அதைவிட உயரமாக எழும்ப முடியாதபடி அமைத்திருந்தார் வெல்க். கிளாரினெட் மேதை பீட் ஃபவுண்டன் 1957இல் சேர்ந்தார். 1959இல் விட்டுவிட்டு நியூ ஆர்லியன்ஸ் திரும்பினார். கிறிஸ்துமஸ் பாட்டொன்றை அவர் ஜாஸாக வளைத்து வாசித்தது வெல்க்குக்குப் பிடிக்கவில்லை. பாடகி லின் ஆண்டர்சன் 1960களின் பிற்பகுதியில் கொஞ்ச காலம் இங்கே பாடினார். வெளியே போய் 1970இல் ‘ரோஸ் கார்டன்’ பாட்டால் உலகப் புகழ் பெற்றார். அதே குரல், அதே ஆள். வெல்க்கின் மேடைக்கு வெளியே கிடைத்தது அவருக்கே உரிய ஒரு பாட்டு, அவருக்கென்றே கோத்த ஒரு ஒலி.

நார்மாவுக்கென்று யாரும் பாட்டு எழுதவில்லை. அவர் பாடியவை பெரும்பாலும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகள். நேயர் தன் இளமையில் கேட்ட பாட்டை, அன்று கேட்டது போலவே திரும்பக் கேட்க வேண்டும். பாடுகிறவர் அதில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டால் நேயரின் நினைவு கெட்டுவிடும். எனவே நார்மா பாட்டைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளவில்லை, நேயருடையதாகவே விட்டு வைத்தார். அவர் சமய இசைத்தட்டுகள் வெளியிட்டார், அவற்றுக்கென்று கேட்பவர்கள் இருந்தார்கள். தரவரிசைப் போட்டிக்கு அவர் போகவேயில்லை. பெரி கோமோ, டைனா ஷோர், ஆண்டி வில்லியம்ஸ் போன்றவர்களோடு அவரைச் சேர்த்துப் பேசினால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். அவர்கள் முதலில் ரெக்கார்டில் பெயர் வாங்கி, அந்தப் பெயரில் நிகழ்ச்சி நடத்தியவர்கள். நார்மா வேறொருவர் பெயரில் நடந்த நிகழ்ச்சியில் ஊழியம் செய்தவர்.

இந்த வகைப் புகழுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு, சொல்லாமல் போகக் கூடாது. வாராவாரம் வீட்டுக் கூடத்தில் வந்து பாடுகிறவரை நேயர் சொந்தக்காரராகவே நினைக்கத் தொடங்கிவிடுவார். வெல்க் நிகழ்ச்சியின் செல்லப் பிள்ளைகள் லென்னன் சகோதரிகள்: டயான், பெக்கி, கேத்தி, ஜேனட். 1955 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அறிமுகமானபோது கடைசிப் பெண்ணுக்கு ஒன்பது வயது. நாடே அவர்கள் வளர்வதைப் பார்த்தது. 1968இல் விலகித் தனியாகப் போனார்கள். 1969 ஆகஸ்டில் அவர்களுடைய அப்பா வில்லியம் லென்னனை ஒரு மனநோயாளி சுட்டுக் கொன்றான். சகோதரிகளில் ஒருவரைத் தன் மனைவி என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். திரையில் தெரிந்த அன்பான சிரிப்பைத் தனக்கென்றே எடுத்துக்கொண்ட ஒருவன். நார்மாவுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அந்தச் செய்திக்குப் பிறகும் அடுத்த வாரம் அதே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது.

1971இல் ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. பார்க்க ஆள் இல்லாமல் போகவில்லை. பார்த்தவர்களின் வயதுதான் சிக்கல். விளம்பரதாரர்களுக்கு நகரத்து இளைஞர்கள் தேவைப்பட்டார்கள், வெல்க்கின் கூட்டமோ முதியவர்கள், சிற்றூர்க்காரர்கள். அந்த ஆண்டு மற்ற வலையமைப்புகளும் இதே காரணத்துக்காகப் பல நிகழ்ச்சிகளை வெட்டித் தள்ளின. 1948இலிருந்து ஓடிய எட் சல்லிவன் நிகழ்ச்சியும் அப்போதுதான் போனது. வெல்க் விடவில்லை. தானே நிகழ்ச்சியைத் தயாரித்து ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் நேரடியாகக் கொடுத்தார். சிண்டிகேஷன் என்பார்கள். அதே ஆண்டு அரசு கொண்டுவந்த ஒரு விதி, மாலை நேரத்தில் ஒரு பகுதியை வலையமைப்புகளிடமிருந்து எடுத்து உள்ளூர் நிலையங்களிடம் விட்டிருந்தது. அந்த இடத்தை நிரப்ப அவர்களுக்கு நிகழ்ச்சி வேண்டியிருந்தது. 200க்கும் மேற்பட்ட நிலையங்கள் வெல்க்கை எடுத்துக்கொண்டன. ஏபிசியில் இருந்தபோது கிடைத்ததைவிட அது அதிகம். முதியவர்களுக்கான இரும்புச்சத்து டானிக் ஜெரிட்டால் விளம்பரதாரராக இருந்தது. யாரை வேண்டாம் என்று ஏபிசி தள்ளியதோ அவர்களை நோக்கியே பேசும் விளம்பரம்.

இந்தத் திருப்பம் நார்மாவின் வாழ்க்கையில் பெரிய விஷயம். ஏபிசி கைவிட்டபோது அவருக்கு 48ஐ நெருங்கும் வயது. பாடகியாக ஒரு பெண் அந்த வயதில் தொலைக்காட்சியை விட்டு வெளியேறினால் திரும்பி வருவது கடினம். 1982இல் வெல்க் ஓய்வு பெற்று நிகழ்ச்சி முடிந்தபோது நார்மாவுக்கு 58. அதுவரை பிரதான பாடகியாகவே இருந்தார். எனக்குத் தெரிந்து அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் 58 வயதுப் பெண் ஒருவர் வாராவாரம் நீண்ட கவுன் அணிந்து காதல் பாட்டு பாடுவது வேறெங்கும் நடக்காத காரியம். முதிய நேயர்கள் தங்கள் வயதுக்காரரைப் பார்க்க விரும்பினார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, கத்தாமல், இழுக்காமல், தொண்டையைப் பிழியாமல் பாடிய அந்த ஸ்டூடியோப் பழக்கம் அவர் குரலைக் காப்பாற்றியிருந்தது. 1960 பதிவையும் 1980க்கு முன்பின் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நிறம் கொஞ்சம் அடர்ந்திருக்கும், சுருதி அசைந்திருக்காது.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி எனக்குக் குறைகளும் உண்டு. இனிப்பு அதிகம். வியட்நாம் போரும் சிவில் உரிமைப் போராட்டமும் நாட்டைக் குலுக்கிய ஆண்டுகளில் அந்த மேடைக்குள் எதுவும் நுழையவில்லை. காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடும் ‘டேப்’ நடனக் கலைஞர் ஆர்தர் டங்கன் 1964இல் சேர்ந்தார், கடைசிவரை இருந்தார். இப்படியொரு நிகழ்ச்சியில் நிரந்தர இடம் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். அது பெருமைதான், ஆனால் அந்தப் பெரிய குடும்பத்தில் அவர் ஒருவராகவே நின்றார். சில வாரங்களில் எல்லோரும் ஒரே அளவு சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சுத் திணறும். பிறகு நார்மாவும் ஜிம்மியும் வந்து நிற்பார்கள், சேனலை மாற்றாமல் உட்கார்ந்துவிடுவேன்.

நார்மா ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். அமெரிக்கப் போதகர் பில்லி கிரஹாம் நடத்திய பெரும் நற்செய்திக் கூட்டங்களில் தொடர்ந்து பாடினார். குடியால் சிதைந்த வீட்டில் வளர்ந்த ஒரு பெண் 22 ஆண்டு ‘ஷாம்பெயின் லேடி’ என்ற பட்டத்தைச் சுமந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். தன் கதையைப் புத்தகமாக எழுதியபோது அவர் இன்னும் நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருந்தார், பட்டமும் உச்சத்தில் இருந்தது. மூடி வைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள் வெட்கத்தில் வாயைத் திறக்காத அந்தக் காலத்தில் நாடறிந்த ஒரு முகம் அதைச் சொன்னது. அவர் பாடிய பாட்டுகள் அளவுக்கே அதையும் நான் மதிக்கிறேன்.

1987இலிருந்து ஓக்லஹோமா பொதுத் தொலைக்காட்சி அமைப்பின் முயற்சியால் பழைய நிகழ்ச்சிகள் நாடெங்கும் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களில் மறுஒளிபரப்பாகத் தொடங்கின. சனிக்கிழமை இரவுகள் திரும்ப வந்தன. நார்மா மறுசந்திப்பு நிகழ்ச்சிகளிலும் கலந்துகொண்டார். லாரன்ஸ் வெல்க் 1992இல் காலமானார். நார்மா 2011 மே 10இல் கலிஃபோர்னியாவின் பிரேயா நகரில் தன் 87ஆம் வயதில் காலமானார். மறுஒளிபரப்பு அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

அவரைக் கேட்கத் தொடங்க வேண்டுமென்றால் என் யோசனை இது. முதலில் ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ படத்தின் பூந்தோட்டக் காட்சியைப் போடுங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பூக்களின் குரல்களுக்கு மேலே மெல்லிய இழையாக ஒரு சோப்ரானோ ஓடும், அதைக் காதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நார்மா, ஜிம்மி டூயட் ஏதாவது ஒன்றை எடுங்கள், எது கிடைத்தாலும் சரி. படத்தைப் பார்க்காமல் ஜிம்மியின் குரலை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ஒரு வரி, இரண்டு வரி போனதும் அவர் எப்போது தனியாகப் பாடுவதை நிறுத்தினார் என்று சொல்ல முடியாமல் போகும். நார்மா எப்போதோ உள்ளே வந்து சேர்ந்திருப்பார்.